ஏழாவது மிஷன்

லிவிங்ஸ்டனுக்கு ஜாமீன் கிடையாது என்று சொன்ன நீதிபதி அதற்குக் காட்டிய காரணம், அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் விளையாடிய ஒரு வீடியோ கேம்.

பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். தம்பியைப் போலீஸ்காரர்கள் வேனுக்குக் கூட்டிப்போன பிறகு, வராந்தாவில் வக்கீல் முத்துநாச்சியாரின் கறுப்புக் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“கேமுன்னா சொன்னாரு?”

“ஆமா. அகத்தட அறிக்கைய வச்சித்தான் சொல்லியிருக்காரு.”

“மத்த ஏழு பேரையும் விட்டாச்சி. இவன மட்டும் கேம் வெளையாடுனான்னு உள்ள வைக்காங்களா?”

“அந்த ஏழு பேருக்கும் அதுல மதிப்பெண் சரியா வந்துட்டு. லிவிக்கு வரல.”

தூத்துக்குடிக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் லிவிங்ஸ்டன் ஒப்பந்தத் தொழிலாளி. குளோரின் கசிந்து கூட வேலை பார்த்த ஒருவன் செத்ததற்கு விசாரணை கேட்டுத் தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் கலைக்கப்போன இடத்தில் நடந்த தள்ளுமுள்ளில் ஆலையின் காவல் மேற்பார்வையாளர் இரும்புப் படியிலிருந்து விழுந்து இறந்தார். எட்டுப் பேரைக் கைது செய்தார்கள். படிக்கட்டுப் பக்கமே தான் போகவில்லை என்று லிவி முதல் நாளிலிருந்து சொல்லி வந்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பின் அவனை வளர்த்து ஆளாக்கியவள் ஜெசிந்தா. அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். இதில் அவன் பொய் சொல்லவில்லை.

முத்துநாச்சியார் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு விளக்கினார்.

“நாம வெளையாடுன பழைய கேம் எல்லாம் சர்வர்ல அப்படியே கெடக்கு. எந்தப் பட்டன எப்ப அமுக்குனோம், யாரச் சுட்டோம், யார விட்டோம், எல்லாம். அத மொத்தமா வாங்கிப் போட்டவங்கதான் இந்த அகத்தடம் கம்பெனி. யாரும் பாக்கலன்னு நெனைக்கையில ஒருத்தன் என்ன செய்யுதானோ அதுதான் அவனோட நெச கொணமாம். மொதல்ல பொண்ணு மாப்பிள்ளை பாக்குறவங்க வாங்கினாங்க. அப்புறம் வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க. இப்ப கோர்ட்டும் ஏத்துக்கிடுது.”

“அப்படி என்னத்தச் செஞ்சானாம்?”

வக்கீல் தன் செல்போனில் அறிக்கையைத் திறந்து அவளிடம் நீட்டினார். ‘அயர்ன் டெல்டா’ என்ற பழைய போர் விளையாட்டு. தனியாளாக விளையாடும் கதைப்பகுதி. அதன் ஏழாவது மிஷனில் ஆயுதமில்லாத கிராமத்தார் கொல்லப்படுகிறார்கள். அதை அவன் ஒரு கோடை விடுமுறை முழுக்கத் திரும்பத் திரும்ப விளையாடியிருந்தான். கீழே ஒரே வரியில் முடிவு: ‘தடை ஏதும் இல்லாத சூழலில் நிராயுதபாணிகளின் மரணத்தை மீண்டும் மீண்டும் நாடும் இயல்பினர்.’

ஜெசிந்தா அதை இரண்டு தரம் படித்தாள். அவள் கத்துகிற ரகம் இல்லை. கோபம் வந்தால் கீழ்த்தாடை இறுகும், பேச்சு குறையும்.

“இந்தக் கேம் எங்க கெடைக்கும்?” என்றாள்.

*

அது எங்கும் போகவில்லை. டிவியிலேயே பழைய கேம்களுக்கென்று ஒரு சேனல் இருந்தது. செல்போன் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் போதும். ஜெசிந்தா ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் சாயங்காலம் மணி அடிக்கும்வரை வீட்டில் சும்மாதான் இருப்பாள். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து விளையாடினாள்.

அதற்கு முன் அவள் எந்த கேமும் ஆடியதில்லை. முதல் மிஷனில் பாதி நேரம் வானத்தைப் பார்த்தபடியே சுற்றிச் சுற்றி வந்தாள். பயிற்சிச் சுவரில் அவள் எறிந்த குண்டு அவள் காலடியிலேயே வந்து விழுந்தது. ஒரு வண்டியை எந்தச் சந்திலும் பின்னால் எடுக்கத் தெரிந்தவளுக்கு, இந்தப் பொம்மைத் துப்பாக்கியை ஒரு வாசல் வழியே கொண்டுபோகத் தெரியவில்லை.

ரொம்பப் பழைய கேம். முகங்களெல்லாம் கத்தியால் அவசரமாகச் செதுக்கியவை போல இருந்தன. மரத்தின் இலைகள் அட்டையை வெட்டி ஒட்டியவை. யாரைச் சுட்டாலும் ஒரே மாதிரி கையை விரித்துக்கொண்டு விழுந்தார்கள். கதாநாயகன் ஏதோ வெளிநாட்டு ராணுவத்தின் வீரன். அவன் காதுக்குள் ஒரு கேப்டன் ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் குரலை ஜெசிந்தா மூன்றாவது மிஷனிலேயே வெறுத்துவிட்டாள்.

அதைவிட அவள் வெறுத்தது எதிரிகளை. அவர்கள் செய்ததற்காக இல்லை, அவர்களை வரைந்திருந்த விதத்துக்காக. எதிரியென்று வந்தவன் எல்லாம் கறுத்துப்போய், சட்டையில்லாமல், இடுப்பில் கைலி போல ஒன்றைக் கட்டியிருந்தான். அவர்கள் பேசியது எந்த மொழியும் இல்லை, வெறும் இரைச்சல். தெருமுனையில் மீன் வாங்க நிற்கிற மனிதர்களைப் போலவே இருந்தவர்களை அவள் வரிசையாகச் சுட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. சுட்டால்தான் அடுத்த கதவு திறந்தது.

‘இத வெளையாடச் சொல்லிப் பிள்ளைங்க கையில குடுத்தவன் யாரு? அவனுக்கு எவ்வளவு மதிப்பெண்?’ என்று அவள் டிவியைப் பார்த்துக் கேட்டாள்.

ஏழாவது மிஷனில் ஒரு ஆறு வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சின்ன ஊர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போனார். படித்துறையில் துணி துவைத்தார்கள். மஞ்சள் துணி உடுத்திய ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்தாள். நடுவில் தகரக் கூரை போட்ட அரிசி ஆலை. அதற்குள் எதிரியின் ரேடியோ இருக்கிறது, துப்பாக்கியிலுள்ள சிவப்பு ஒளியை அதன்மேல் காட்டு, விமானம் பார்த்துக்கொள்ளும் என்றான் கேப்டன்.

ஜெசிந்தா காட்டினாள். விமானம் வந்தது. புகை அடங்கியபோது ஆலையும் இல்லை, படித்துறையும் இல்லை, மஞ்சள் துணியும் இல்லை. ‘பிரமாதம்’ என்று கேப்டன் பாராட்டினான். திரையின் ஓரத்தில் செத்த பொதுமக்களின் எண்ணிக்கை வந்துவிட்டு மறைந்தது.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து அதே மிஷனை மறுபடி போட்டாள்.

இந்த முறை வானத்தை நோக்கிச் சுட்டாள். சத்தத்துக்குப் பயந்து ஊர்க்காரர்கள் ஓடினார்கள். எல்லாரும் ஆலைக்குள்தான் ஓடினார்கள். கேமைச் செய்தவன் அவர்கள் ஒளிந்துகொள்ள வேறு இடமே வைக்கவில்லை. அடுத்த முறை பாலம் வழியே ஆற்றைக் கடந்துபோய் ஆலை வாசலில் மறித்து நின்றாள். அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒளியைத் தண்ணீர்மேல் காட்டினாள், தவறு என்றான் கேப்டன். சும்மா நின்றாள், அவன் சலிக்காமல் உத்தரவைச் சொல்லிக்கொண்டே இருந்தான். வந்த வழியே திரும்பி நடந்தாள், போர்க்களத்தைவிட்டு ஓடியதாகச் சொல்லி கேம் அவளை முதலிலிருந்து தொடங்க வைத்தது. கடைசியில் கேப்டனையே சுட்டாள். மிஷன் தோல்வி.

பல நாள் இப்படியே போனது. மஞ்சள் துணிக்காரியை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வரவைக்க ஒருநாள் முழுக்கப் பாடுபட்டாள். பாதிப் பாலம்வரை வந்தவள் அங்கிருந்து திரும்பி, யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்தாற்போல ஆலையைப் பார்த்து நடந்தாள்.

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு அது உறைத்தது. ஒரு கோடை முழுக்க லிவி இங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று புரிந்துவிட்டது. அவனும் இவர்களைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறான். முடியாமல் முடியாமல் மறுபடி வந்திருக்கிறான். அதைத்தான் அந்த மெஷின் கொலைவெறி என்று எழுதியிருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்ததும் வக்கீலுக்குப் போன் செய்தாள்.

“நீயே சாட்சி சொல்லணும்மா” என்றார் முத்துநாச்சியார். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு தெம்பு தெரிந்தது. “இந்த அறிக்கைய இதுவரைக்கும் யாருமே இப்படிக் கேட்டதில்ல. கோர்ட்டுலயே டிவிய வச்சி வெளையாடிக் காட்டுவோம்.”

*

ஜாமீன் மனுவின் மறுவிசாரணைக்கு முன் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லிவி மெலிந்திருந்தான். இருவருக்கும் நடுவே ஒரு போன்.

“எலேய், நீ அந்த ஆத்தங்கரை மிஷன்ல என்ன பண்ணுனேன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்” என்றாள்.

“எந்த மிஷன்?”

“அயர்ன் டெல்டால. ஆத்துக்கு அந்தால ஒரு ஊரு, நடுவுல ஒரு மில்லு.”

லிவியின் முகம் மலர்ந்தது. சிறைக்குப் போன நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

“ஆமாக்கா, மில்லு வெடிக்குமே. அந்த வெடி மாதிரி வேற எந்த கேம்லயும் கெடையாது. தகரம் தனியா பறக்கும், உமி தனியா பறக்கும், அப்புறம் மெதுவா மேல இருந்து எறங்கும். சும்மா அதப் பாக்கதுக்குன்னே திரும்பத் திரும்பப் போடுவேன்.”

“அந்த ஆளுங்களக் காப்பாத்தப் பாக்கலையா நீ?”

“எந்த ஆளுங்க?”

“மஞ்சத் துணி கட்டிக்கிட்டு, கைப்பிள்ளையோட ஒருத்தி வருவாளே.”

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். “அப்படி யாரும் இருந்தாங்களா? நான் கவனிச்சதில்லையேக்கா.”

ஜெசிந்தாவுக்குக் கண்ணாடியை உடைத்து அவன் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் அர்த்தமில்லாமல் போனது போல இருந்தது.

அவள் முகம் மாறியதை அவன் பார்த்துவிட்டான். “என்னக்கா? கோர்ட்டுல கேட்டா காப்பாத்தப் பாத்தேன்னு சொல்லிரவா? நீ சொல்லு, அப்படியே சொல்லுதேன்.”

போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் வழியில் வல்லநாட்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றபோது, பக்கத்து சீட்டில் ஒரு பையன் செல்போனில் எதையோ வெடித்துக்கொண்டிருந்தான். தன்பாட்டில் சிரித்துக்கொண்டான். ஜெசிந்தா அவனையே பார்த்தாள். இவனைப் பிடித்து உள்ளே போடுவார்களா? லிவி வெடியைத்தான் பார்த்தான், ஆட்களைப் பார்க்கவில்லை. பார்க்காதது தப்புத்தான். ஆனால் அந்த வயதில் அவன் அடிபட்ட ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு ஓடியவன். அது எந்த சர்வரிலும் இல்லை.

அப்போது அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது, அது இன்னும் கசந்தது. நான்கு பட்டனை வைத்து அவனை மிருகம் என்றது மெஷின். அதே நான்கு பட்டனை வைத்து அவனைத் தெய்வம் என்று இவள் முடிவு கட்டினாள். இரண்டு பேருமே அவனிடம் கேட்கவில்லை.

வக்கீலிடம் நடந்ததைச் சொன்னாள்.

“அவன் சொன்னது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்” என்றார் முத்துநாச்சியார். “நீ வெளையாடுனத மட்டும் சொல்லு. மீதிய ஜட்ஜே யோசிச்சிக்கிடட்டும்.”

அவர் சொல்லச் சொன்னது பொய்யும் இல்லை. ஜெசிந்தா தலையாட்டினாள்.

*

நீதிமன்றத்தில் அகத்தடத்தின் சார்பாக வந்தவர் பெயர் சுகிர்தன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல பிள்ளை போலப் பணிவாகப் பேசினார். ஜெசிந்தா கூண்டிலேறி, அரிசி ஆலையைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அவர் எழுந்து அனுமதி கேட்டார்.

“ஐயா, இந்தச் சாட்சியோட சொந்த அறிக்கை ஒண்ணு இருக்கு. அதையும் கோர்ட் பார்க்கணும்.”

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. முத்துநாச்சியார் ஆட்சேபித்தார். நீதிபதி வாங்கிப் பார்த்தார்.

“இந்த ஒரு மாசத்துல இவங்க தன் பேர்லயே அந்த ஏழாவது மிஷனை விளையாடியிருக்காங்க” என்றார் சுகிர்தன். “தம்பியை விட அதிகத் தடவை. இவங்க கண் முன்னாலயே அத்தனை பேரும் திரும்பத் திரும்பச் செத்திருக்காங்க. தன் கேப்டனையே ஒரு தடவை சுட்டிருக்காங்க. இவங்க மதிப்பெண் தம்பியோடதுக்கும் கீழ வந்திருக்கு. இவங்க ஸ்கூல் வேன் ஓட்டுறாங்க, ஐயா.”

கடைசி வரியை அவர் மெதுவாகத்தான் சொன்னார். அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

ஜெசிந்தாவின் தாடை இறுகியது. கூண்டின் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிரே, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே லிவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, நான் அந்த ஊர்ச்சனங்களக் காப்பாத்தப் பாத்தேன்” என்றாள் நீதிபதியிடம். “அதுக்குத்தான் அத்தன தடவ வெளையாடுனேன். முடியல. அந்த கேம்ல அதுக்கு வழியே வைக்கல.”

“உங்க தம்பியும் அதுக்குத்தான் விளையாடினாரா?” என்று நீதிபதி கேட்டார்.

முத்துநாச்சியார் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். ஜெசிந்தா லிவியைப் பார்த்தாள்.

“இல்லங்கய்யா. அவன்கிட்டயே கேட்டேன். மில்லு வெடிக்கது அழகா இருக்கும், அதுக்காக வெளையாடுனேன்னான். அங்க ஆளுங்க இருந்ததயே அவன் பாக்கல.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சுகிர்தன் சிரிக்காமலிருக்க முயன்றார்.

“எனக்கு அங்க கைப்பிள்ளையோட வார ஒருத்திய நெனச்சாத் தூக்கம் வரல. அவனுக்கு அவ ஞாபகமே இல்ல” என்று தொடர்ந்தாள். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. “நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாங்கய்யா? இவர் மெஷினுக்கு நாங்க ஒண்ணு. என் மனசும் தெரியல, அவன் மனசும் தெரியல. அப்புறம் என்னத்தத் தெரிஞ்சிக்கிட்டு இவன் கொலைகாரன்னு எழுதுது? சரி, நல்ல மதிப்பெண் யாருக்குப் போடுது, அதக் கேளுங்க.”

நீதிபதி சுகிர்தன் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க. அந்த மிஷனில் யாருக்கு நல்ல மதிப்பெண்?”

சுகிர்தன் தன் கணினியைப் பார்த்தார். “பெரும்பாலானவங்களுக்கு வந்திருக்கு, ஐயா. உத்தரவு வந்ததும் ஒளியைக் காட்டிட்டு, ஒரே தடவையில முடிச்சு அடுத்த மிஷனுக்குப் போனவங்க.”

“ஊரக் கொளுத்திட்டுத் திரும்பிப் பாக்காமப் போனவங்க” என்றாள் ஜெசிந்தா.

குடிநீர் ஆலைக்காகப் பேச வந்திருந்த வக்கீல் குனிந்து தன் காகிதங்களை அடுக்கினார்.

“இந்த ரெண்டு பேரையும் பிரிச்சுக் காட்ட உங்க முறையில வழி இருக்கா?” என்றார் நீதிபதி.

“இல்லை, ஐயா. நாங்க செயலை மட்டும்தான் பதிவு செய்றோம். நோக்கம்...” சுகிர்தன் சொல் தேடினார். “நோக்கம் எங்ககிட்ட இல்லை.”

அன்று மதியமே உத்தரவு வந்தது. நோக்கத்தை அறியாத கருவி ஒருவரின் குணத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது என்று நீதிபதி எழுதியிருந்தார். அறிக்கை ஒதுக்கப்பட்டது. லிவிங்ஸ்டனுக்கு ஜாமீன் கிடைத்தது.

சிறை வாசலில் அவன் அக்காவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.

“அந்தப் பொம்பள பாலத்துல வருவாளாக்கா?” என்றான் திடீரென்று.

“பாதி வரைக்கும் வருவா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் அந்த கேமைப் பற்றிப் பேசவே இல்லை.

*

ஜெசிந்தாவை வேன் வேலையிலிருந்து எடுக்கவில்லை. அவள் மதிப்பெண் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் சுற்றியபோது, கோர்ட்டே ஒதுக்கியது என்று பள்ளி நிர்வாகம் சமாளித்தது. மழைக்காலம் வந்து போனது. லிவியின் வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. மற்ற ஊர்களிலும் வக்கீல்கள் அந்த உத்தரவைக் காட்டி ஆட்களை வெளியே எடுத்தார்கள். முத்துநாச்சியார் ஒவ்வொரு தடவையும் போன் செய்து சொல்வார்.

ஒருநாள் அவர் போன் செய்தபோது குரலில் அந்தத் தெம்பு இல்லை.

“டிவி பாத்தியாம்மா?”

ஜெசிந்தா போட்டுப் பார்த்தாள். அகத்தடத்தின் புது விளம்பரம். நீதிபதி எழுதிய வரியை அப்படியே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அடுத்து ஒரு கண் வந்தது. கருவிழி விரிந்து சுருங்கியது. அதன்மேல் மெல்லிய கோடுகள் ஓடின. விளையாடுகிறவரின் கண்ணையும் நாடியையும் உள்ளங்கை வியர்வையையும் இனி அகத்தடம் கூடவே பதிவு செய்யுமாம். ‘செயல் மட்டுமல்ல. இனி நோக்கமும்.’ சுகிர்தன் அதே பணிவோடு புன்னகைத்தார்.

“அவங்ககிட்ட என்ன இல்லன்னு நாமளே எடுத்துக் குடுத்துட்டோம்” என்றார் முத்துநாச்சியார்.

அடுத்த கல்வியாண்டுக்குப் பள்ளி வண்டி ஓட்டுகிற எல்லாரும் புதிய சோதனைக்குப் போய்வர வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. போகாதே, வேற வண்டி பார்த்துக்கலாம் என்றான் லிவி. ஜெசிந்தா போனாள்.

அகத்தட மையம் பளிச்சென்று, பல் ஆஸ்பத்திரி போல இருந்தது. சின்ன வயதுப் பெண் ஒருத்தி அவள் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினாள். திரைக்கு மேலே விரல்நுனி அளவில் ஒரு கேமரா இருந்தது.

“உங்களுக்கு ஏழாவது மிஷன் வந்திருக்கு மேடம். பழைய மதிப்பெண்ண சரி பண்ணிக்க நல்ல சான்ஸ்” என்றாள் அந்தப் பெண் கனிவாக. “எப்பவும் மாதிரி விளையாடுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு அது பாத்துக்கும்.”

ஆறு வந்தது. சைக்கிள்காரர் வந்தார். படித்துறையில் துணி துவைத்தார்கள். கேப்டன் உத்தரவு போட்டான்.

ஜெசிந்தா ரிமோட்டை மடியில் போட்டுக்கொண்டாள். திரையை விட்டுப் பார்வையை மேலே உயர்த்தி, கேமராவின் கண்ணாடிக்குள் நேராகப் பார்த்தாள். கேப்டன் மறுபடி சொன்னான். மறுபடியும் சொன்னான்.

“மேடம், ஸ்கிரீனப் பாருங்க.”

“நான் பாக்க வேண்டிய எடத்தத்தான் பாக்குதேன்” என்றாள் ஜெசிந்தா. “என் நோக்கம்தான வேணும்? எடுத்துக்கிடச் சொல்லு.”

அந்தப் பெண் தன் முன்னிருந்த சின்னத் திரையில் ‘கோபம்’ என்ற பெயரில் ஏறிக்கொண்டே போகிற கோட்டைப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.